தட்டைத் திருப்பிப் பாருங்கள்

(பெங்களூர்த் தண்டுப் பகுதியில் நடைபெற்ற பௌர்ணமிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு வைகாசிப் பௌர்ணமி நாளில் இதே மேடையில் நின்று நான் ஒரு பொய் கூறினேன். அறிந்து கூறிய பொய்யன்று, அறியாமல் கூறியது. ஆயினும் அறியாததை அறிந்தவன் போல் உரைப்பதும் நான்காவது சீலத்துக்கு ஊறு செய்வதே என்பதை அதன் விளைவுகள் எனக்குக் கற்பித்தன. மேடையில் உரைத்த பொய்யை மேடையிலேயே திரும்பப் பெறுதல் முறை. ஆகவே இன்றைய சொற்பொழிவு ஒரு பீங்கான் தட்டைப் பற்றியது.

நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரின் பாட்டனார், வெள்ளையர் காலத்தில் இவ்வூர்த் தண்டில் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்புங்கால் அவருக்கு ஒரு பெருந்தட்டை அன்பளிப்பாகக் கொடுத்தாராம். நீள்வட்ட வடிவம், முழங்கையளவு நீளம், வெண்மையில் நீலச் சித்திரம். ஒரு வில்லோ மரம், அதன் கீழ் ஒரு பாலம், பாலத்தின்மேல் மூன்று மனிதர், நீரில் ஓர் ஓடம், ஒரு மாளிகை, வானத்தில் இரு பறவைகள், முன்புறம் கோணல்மாணலாக ஒரு வேலி. பாட்டியார் அதனைப் பழைய வேட்டியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். எடுக்கும்போதெல்லாம், “இது சீன ராஜா சாப்பிட்ட தட்டு” என்பார். அவர் காலமான பின் தட்டு பேரப்பிள்ளைகளிடம் வந்தது. அக்காள் ஒருத்தி, தம்பி ஒருவன். அவர்களிருவரும் என்னிடம் அதைக் கொண்டுவந்து காட்டி, “ஐயா, நீங்கள் நிறையப் படிப்பவர், இது என்ன, என்ன பெறும் என்று சொல்லுங்கள்” என்றார்கள்.

நான் படித்தவன் அல்லேன். நெசவாலையில் பரிசோதனை மேசையில் துணி பார்த்தவன்; ஆலை மூடிய பின்பு கப்பன் பூங்காவின் சிவப்பு நூலகத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கற்றவன். இவ்வாறு கற்றவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. அண்மையில் படித்தது எதுவோ, அதுவே எங்கும் கண்ணுக்குத் தெரியும். அப்போது நான் நாகப்பட்டினத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இராசராச சோழன் காலத்தில் அங்கு எழுந்த சூடாமணி விகாரம், அவ்வூரில் நெடுங்காலம் நின்று 1867 இல் இடிக்கப்பட்ட, ‘சீனக் கோபுரம்’ என்று அழைக்கப்பட்ட கட்டடம், இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தெடுத்த சீனப் பீங்கான் சில்லுகள் ஆகியவையெல்லாம் என் தலையில் சுழன்றுகொண்டிருந்தன. தட்டில் அடுக்குக் கூரையுடன் ஒரு மாளிகையைக் கண்டதும் மனம் துள்ளிற்று. “இஃது ஒரு பௌத்த விகாரம், சீனத்துப் பௌத்தர் வனைந்த தட்டு, முந்நூறு ஆண்டுக்குக் குறையாது, இலட்சக்கணக்கில் பெறும்” என்றேன். வைகாசிப் பௌர்ணமியன்று மேடையிலும் அதனை வைத்து, மாலை சூட்டி, அரைமணி நேரம் பேசினேன். நீங்கள் கைதட்டினீர்கள். அக்கைதட்டலில் நானும் மயங்கினேன்.

தட்டைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சில வாரங்கள் சென்றன. சிவாஜி நகரிலிருந்து பழம்பொருள் வணிகர் ஒருவர், முதியவர், செய்தி கேள்வியுற்று வந்தார். தட்டைக் கையில் வாங்கினார், திருப்பினார், ஜன்னலருகே சென்று பார்த்தார். “இது சீனம் அன்று, இங்கிலாந்துச் சாமான். மூவாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன்” என்றார். தம்பி சினந்தான். அக்காள் அழுதாள். என்னை அழைத்தார்கள். நான் சென்று என்ன செய்தேன் தெரியுமா? அவ்வணிகர் எதிரிலேயே சேரிவாணிஜ ஜாதகத்தை எடுத்துச் சொன்னேன்.

அக்கதையை நீங்கள் அறிவீர்கள். ஜாதக நூலில் மூன்றாவதாக நிற்பது. நொடித்துப்போன செல்வர் குடும்பத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும் மட்டும் எஞ்சியிருந்தனர். பழம் பாத்திரங்களுக்கிடையே அழுக்கேறிக் கிடந்த ஒரு கலம் பொற்கலம் என்பது அவர்களுக்குத் தெரியாது. வளையலும் பாத்திரமும் விற்கும் பேராசைக்காரன் ஒருவன் வந்து, ஊசியால் அதன் பின்புறத்தைக் கீறிப் பொன்னென அறிந்து, ‘அரைக்காசும் பெறாது’ என்று தரையில் எறிந்துவிட்டுப் போனான். பின்னர் வந்த போதிசத்துவர், ‘அம்மா, இஃது இலட்சம் பெறும், என் கையிலுள்ள சரக்கு முழுவதும் இதற்கு ஈடாகாது’ என்று உண்மை உரைத்தார்.

இக்கதையைச் சொல்லி முடித்து, “முன்னே வந்தவன் யார், பின்னே வந்தவர் யார் என்று பெரியவருக்குத் தெரியும்” என்றேன். அம்முதியவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். தம்பியோ என் சொல்லை நம்பி, தட்டு எப்படியும் விற்கும் என்ற துணிவில், மகளைத் தனியார் செவிலியர் கல்லூரியில் சேர்க்க 1,50,000 ரூபாய் வட்டிக்கு வாங்கினான். தட்டுக்கு இலட்சம் கொடுக்க எவரும் வரவில்லை. ஐந்தாம் மாதம் வட்டிக்காரர் வாசலில் நின்றார். அக்காளும் தம்பியும் பேச்சு அறுந்தார்கள்.

அப்பொழுதுதான் எனக்கு அச்சம் பிறந்தது. கேசபுத்த நகரத்துக் காலாமரிடம் பகவன் புத்தர் கூறியதை நான் எத்தனை முறை உங்களுக்கு எடுத்துரைத்திருக்கிறேன்! கேள்விப்பட்டது என்பதாலும், வழிவழியாக வந்தது என்பதாலும், கூறுபவர் நமக்குப் பெரியவர் என்பதாலும் ஒன்றை மெய்யெனக் கொள்ளலாகாது என்றார். பாட்டியின் சொல் வழிவழி வந்தது. என் சொல் மேடையிலிருந்து வந்தது. தட்டை மட்டும் எவரும் வினவவில்லை. நான் அக்காளிடம் ஒரு நாளுக்கு அதனை இரவல் கேட்டு, துணியில் பொதிந்து, சிவாஜி நகருக்குச் சென்றேன்.

கடையில் அப்பெரியவர் இருந்தார். “பாய், நான் உங்களைப் பழித்தேன், தவறு. எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்” என்றேன். அவர் தேநீர் வருவித்தார். பிறகு தட்டைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். அன்று மாலையும், பின்னர் நூலகத்தில் சில வாரங்களும் நான் கற்றவற்றை உங்களுக்குச் சொல்கிறேன். ஏனெனில் தண்டுப் பகுதித் தமிழர் வீடுகளில் இத்தகைய தட்டும் கோப்பையும் இல்லாத வீடு குறைவு. நம் முன்னோர் பலர் வெள்ளையர் வீடுகளில் பட்லர், சமையற்காரர், ஆயா என உழைத்தவர்கள்.

நாம் வெள்ளையாகப் பளபளப்பதையெல்லாம் பீங்கான் என்று ஒரே சொல்லால் அழைக்கிறோம். கழிப்பறையில் பதிப்பதும் நமக்குப் பீங்கானே. ஆனால் இதில் வேறு வேறு சாதிப் பொருள்கள் உண்டு. சாதி என்ற சொல்லை இங்கு நான் மண்ணுக்கு மட்டும் வழங்குகிறேன். சீனத்தின் ஜிங்தெஜென் நகரில் வெண்களிமண்ணையும் ஒருவகைப் பாறைத் தூளையும் பிசைந்து, ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் சுட்டு எடுப்பது உண்மைப் பீங்கான். மெல்லிய பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் விரலை வைத்தால் விரலின் நிழல் தெரியும். உடைந்த வாயில் கண்ணாடி போன்ற மினுமினுப்பு இருக்கும். இரண்டாவது, ஆங்கிலேயர் கண்ட எலும்புப் பீங்கான். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசியா ஸ்போட் என்பார் செம்மைப்படுத்தியது. மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல் அதில் ஏறத்தாழப் பாதி. (புலால் மறுத்த அன்பர் சிலர் வீட்டில் விருந்தினருக்கென்று பத்திரமாய் வைத்திருக்கும் கோப்பைகள் இவ்வினத்தவை. இதை அவர்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.) அதிலும் ஒளி ஊடுருவும். மூன்றாவது, வெண்ணிறக் களிமண் சாமான், ஒளி ஊடுருவாது, உடைந்த வாயில் சுண்ணாம்பு போல் மங்கி நிற்கும், நீரை உறிஞ்சும். நம் பெருந்தட்டை விளக்கின்முன் பிடித்தோம். விரலின் நிழல் தெரியவில்லை.

அடுத்து அவர் சித்திரத்தின் ஓரத்தை ஒரு பூதக்கண்ணாடியால் காட்டினார். நான் பார்த்தேன். அங்கே என் ஆலை வாழ்வு முழுவதும் எழுந்து நின்றது!

அச்சிட்ட துணியில், உருளை ஒரு சுற்று முடிந்து மறுசுற்றுத் தொடங்கும் இடத்தில் பூங்கொடி ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் ஒரு நூலளவு விலகி நிற்கும். பரிசோதனை மேசையில் இருபது ஆண்டு என் கண் அதைத்தான் தேடிற்று. இத்தட்டின் கரைச் சித்திரத்திலும் அதே விலகல்! கொடி பாதியில் வெட்டுண்டு, அடுத்த துண்டு சற்றே ஏறி ஒட்டியிருந்தது. தூரிகையால் தீட்டியவன் கையில் அவ்வாறு நேராது. தூரிகைக் கோட்டில் தொடங்குமிடம் தடித்தும் முடியுமிடம் மெலிந்தும் இருக்கும். நீலம் சில இடங்களில் தேங்கி நிற்கும். இதிலோ நிழல்கள் யாவும் நுண்ணிய புள்ளிகளாலும் கீறல்களாலும் ஆனவை.

செய்முறை இதுவே: செப்புத் தகட்டில் சித்திரத்தைச் செதுக்கி, நீல மையைச் சூடாகத் தேய்த்து, மெல்லிய காகிதத்தில் ஒற்றி எடுப்பர். அக்காகிதத்தைக் கத்தரித்து, ஒரு முறை சுட்ட தட்டின்மேல் ஒட்டி அழுத்தித் தேய்த்துக் கழுவினால் மை தட்டில் தங்கும். பின்னர் மெருகுப்பூச்சு; மீண்டும் சூளை. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில் காகிதத்தை வெட்டுவதும் ஒட்டுவதும் பெண்களும் சிறுமிகளும் செய்த வேலை. 1840 களில் அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விசாரணை அறிக்கைகளில் இவ்வட்டாரத்துச் சூளைச் சிறுவர்களின் நிலையும் பதிவாகியுள்ளது. மெருகில் ஈயம் கலந்திருந்தமையால் அதில் தட்டை முக்கி எடுத்தோர் நஞ்சேறி நலிந்தனர். அந்த விலகிய கொடியைப் பார்த்தபோது, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிய யாரோ ஒருத்தி, மாலை நேரத்தில், அவசரத்தில் ஒட்டியிருப்பாள் என்று எண்ணினேன். சீன ராஜாவைக் காணாத கண்ணுக்கு அவள் தெரிந்தாள்.

சித்திரமும் சீனச் சித்திரம் அன்று. சீனத்திலிருந்து வந்த நீலச் சித்திரத் தட்டுகளைப் பார்த்து, 1790 களில் ஆங்கிலச் செதுக்கர்கள் தாமே கற்பனையாய்த் தொகுத்தது. ‘வில்லோ’ சித்திரம் என்பது அதன் பெயர். இரு காதலர் பறவைகளாக மாறினர் என்ற கதையும் தட்டு பிறந்த பின்பு, 19 ஆம் நூற்றாண்டில், அவர்களே கட்டியது. நான் விகாரம் என்று வணங்கிய மாளிகை எந்த நாட்டிலும் நின்றதில்லை.

கடைசியாக முத்திரை. தட்டின் பின்புறம் நீல மையில் ஒரு முத்திரை இருந்தது. தொழிற்சாலையின் பெயர் மழுங்கிப் போயிற்று. கீழே ‘இங்லண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் மட்டும் தெளிவாய் நின்றது. அச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் 1890 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்று விதித்தது; 1891 முதல் ஏற்றுமதிச் சாமான்களில் நாட்டின் பெயர் பொறிப்பது பெருவழக்காயிற்று. ஆகவே இத்தகைய தட்டு பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. ‘மேட் இன் இங்லண்ட்’ என்று முழுமையாய் இருந்தால் பெரும்பாலும் 20 ஆம் நூற்றாண்டு. சாய்சதுர வடிவப் பதிவுக்குறி இருந்தால் 1842 முதல் 1883 வரை உள்ள பதிவு. 1884 முதல் எண்ணால் பதிந்தனர். பொருள் அப்பதிவுக்குப் பின்னும் பல்லாண்டு செய்யப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

சீன எழுத்து இருந்தால் உடனே மகிழவேண்டா. சீனத்துக் குயவர் முன்னோரிடத்து மதிப்பினால் பழைய அரசர் பெயரைப் புதுக்கலத்தில் எழுதும் வழக்கமுடையவர். காங்ஷி அரசர் காலத்தில் (1662–1722) அதற்கு இருநூறாண்டு முந்திய செங்ஹுவா அரசர் பெயரை எழுதினர். 19 ஆம் நூற்றாண்டில் காங்ஷி பெயரையே எழுதினர். ஏமாற்ற வேண்டும் என்று எழுதியவர்களும் உண்டு. எழுத்தைப் பின்னர் பாருங்கள். முதலில் மெருகு பூசாத அடிவளையத்தையும், மண்ணின் நிறத்தையும், நீலத்தின் போக்கையும் பாருங்கள் என்றார் பாய்.

பின்புறத்தில் வேறொன்றும் இருந்தது. ஒரு நீண்ட விரிசல். அதன் குறுக்கே பித்தளைக் கம்பியால் மூன்று தையல்கள். பாட்டியார் தெருவில் வந்த பாத்திரம் ஒட்டுபவரைக் கொண்டு போட்டதாம். “இதனால் விலை குறையும், ஆனால் பிடுங்கிவிட்டு இக்காலப் பசையால் ஒட்டாதீர்கள்” என்றார். இன்னும் சில சொன்னார்: விரிசல் உள்ளதைச் சுடுநீரில் ஊறவிடலாகாது, வெளுப்பு மருந்து, தேய்க்கும் நார் ஆகாது, பொன்வரை இருந்தால் மென்துணியும் மெதுவாக. இல்லத்தரசிகள் இதைக் கவனிக்க.

இனி விலை. வயது ஒன்றே விலையாகாது. இவ்வில்லோச் சித்திரத்தை எண்ணற்ற தொழிற்சாலைகள் நூறாண்டுக்கு மேலாக வார்த்துத் தள்ளின. மிகுதியாய் உள்ளது மலிவாய் இருக்கும். யார் செய்தது, எவ்வளவு எஞ்சியுள்ளது, ஊனம் உண்டா, இன்று அதை நாடுவோர் உளரா என்பனவெல்லாம் சேர்ந்தே விலை. அன்றியும் விலை ஒன்றல்ல. காப்புறுதிக்கு எழுதும் விலை வேறு, ஏலத்தில் விழும் விலை வேறு, கடைக்காரர் கொடுக்கும் விலை வேறு. முதலாவதைக் கேட்டுவிட்டு மூன்றாவதைக் கண்டு கலங்குவோர் பலர். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப நம் நாட்டின் 1972 ஆம் ஆண்டுப் பழம்பொருட் சட்டம் இடந்தரவில்லை. ‘சீமையில் இலட்சம் பெறும்’ என்று சொல்வோரிடம் இதனைக் கூறுங்கள். முறிந்து தைத்த இத்தட்டுக்கு அவர் சொன்ன மூவாயிரம் நியாய விலை. நான் வேறு இரண்டு இடங்களிலும் காட்டினேன். ஒருவர் இரண்டாயிரம் என்றார். ஒருவர் வேண்டாம் என்றார்.

வேறு இடங்களில் காட்டச் சொன்னதும் அப்பெரியவரே. “நான் வாங்க வந்தவன். வாங்குபவன் சொல்லும் விலையை மட்டும் நம்பலாமா?” என்றார். சென்ற ஆண்டு ஓர் அம்மையார் என்னிடம் கேட்ட கேள்வி அப்போது நினைவுக்கு வந்தது. ‘போதிசத்துவர் இலட்சம் பெறும் கலத்தை, கையிலிருந்த ஐந்நூறு கஹாபணமும் ஐந்நூறு பெறும் சரக்கும் கொடுத்துத்தானே வாங்கினார், அது நியாயமா?’ என்றார் அவர். நான் ஏதோ சமாதானம் சொல்லி நழுவினேன். இன்று விடை கூறுவேன். அவர் முதலில் முழு மதிப்பைச் சொன்னார். தம்மால் ஈடுகொடுக்க இயலாது என்பதையும் சொன்னார். அதன்பின், ‘உம்மிடம் உள்ளதைக் கொடுத்து எடுத்துச் செல்க’ என்றவர் பாட்டியார். எட்டுக் காசும் தராசும் பையும் தவிர யாவும் கொடுத்தார். அறிந்தே விற்றவரிடம் வாங்கினார். ஆயினும் அம்மையார் கேட்டதில் நேர்மை இருக்கிறது. நம் காலத்தில் மதிப்பிடுபவரும் வாங்குபவரும் வேறாயிருத்தலே நலம்.

எல்லாவற்றையும் அக்காளிடமும் தம்பியிடமும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னேன். தம்பி தலைகுனிந்திருந்தான். அக்காள் நெடுநேரம் கழித்து, “அப்படியானால் தாத்தா சொன்னதும் பொய்தானா ஐயா?” என்றாள். மூவாயிரமோ மூன்று இலட்சமோ, அவளுக்கு அது பொருட்டன்று. தாத்தா பொய்யர் ஆகிவிடுவாரோ என்பதே அவள் அச்சம். தகரப் பெட்டியில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன். அடியில் ஒரு பழைய உறையில் ‘சிட்’ ஒன்று இருந்தது. அக்காலத்துத் துரைமார் வேலைக்காரருக்கு எழுதிக்கொடுக்கும் நற்சான்றுக் கடிதத்தை அப்படித்தான் சொல்வார்கள். 1946 இல் எழுதியது. பத்தொன்பது ஆண்டு தம் வீட்டில் உண்மையாய் உழைத்தவர் என்றும், நினைவாக உணவறையின் நீலப் பெருந்தட்டைக் கொடுத்திருப்பதாகவும் நாலு வரி. சீன ராஜா அதில் இல்லை. துரை கொடுத்தது உண்மை. அக்காள் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். ஒரு பொருளோடு வந்த இத்தகைய சீட்டை அதனுடனேயே வைத்திருங்கள். பிரிந்தால் இரண்டும் ஊமை.

பெருந்தட்டை விற்கவில்லை. தம்பியின் கடன் 1,50,000 ரூபாயில் ஐம்பதாயிரம் அவன் பொறுப்பு. ஐம்பதாயிரம் அக்காள் ஏற்றாள். எஞ்சிய ஐம்பதாயிரம் என் வாயிலிருந்து வந்த கடன், ஆகவே என்னுடையது. இதனைத் தருமம் என்று எவரும் குறிப்பேட்டில் எழுத வேண்டா. மாதம் இரண்டாயிரம் வீதம் ஏழு தவணை செலுத்தியாயிற்று. பெண் முதலாண்டுத் தேர்வு எழுதியிருக்கிறாள்.

அக்காள் இன்று தட்டைக் கொண்டுவந்திருக்கிறாள். சீட்டின் படியும் பக்கத்தில் இருக்கிறது. இம்முறை மாலை சூட்டவில்லை, கவிழ்த்து வைத்திருக்கிறோம். அதனருகே அமர்ந்திருக்கும் பெரியவர்தான் நான் சொன்ன பாய். உங்கள் வீட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்தோர் அவரிடம் காட்டலாம். இன்று ஒன்றும் வாங்குவதில்லை என்று அவரே கூறிவிட்டார். கூட்டம் முடிந்ததும் வரிசையாய் வந்து பாருங்கள். மோதிரமும் வளையலும் அணிந்தோர் கழற்றிவிட்டு, இரு கையாலும் எடுங்கள்.